மதிப்பெண் ஏறுகிறது, படிவம் வருவதில்லை

மருந்துகளின் பாதக விளைவுகளைப் பதிவு செய்யச் சொல்லிக்கொடுக்கும் பயிலரங்குகள் எங்கே நடந்தாலும் ஏறக்குறைய ஒரே அச்சில்தான் வார்க்கப்பட்டிருக்கும். வந்து உட்கார்ந்ததும் இருபது கேள்விகளில் ஒரு முன்தேர்வு. அதன்பின் ஒன்றரை மணி நேரம் ஸ்லைடுகள்: வரையறை, ஏ வகை (டோஸைப் பொறுத்து எதிர்பார்க்கக்கூடியது), பி வகை (எதிர்பாராதது), தாலிடோமைடு மருந்தால் குறைபாட்டோடு பிறந்த குழந்தைகளின் படம், படிவத்தின் படம், அதை அனுப்ப வேண்டிய முகவரி. முடிவில் அதே இருபது கேள்விகள் மறுபடியும். எட்டு வாங்கியவர் பதினாறு வாங்குவார். சான்றிதழ் கொடுத்து, சேர்ந்து நின்று படம் எடுத்து, ‘பயிற்சிக்குப் பின் அறிவு இரு மடங்கானது’ என்று அறிக்கையும் எழுதிவிடலாம். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அதே ஆட்கள் வேலை பார்க்கும் வார்டுகளிலிருந்து அடுத்த ஆறு மாதத்தில் எத்தனை படிவங்கள் வந்தன என்று எண்ணினால், அதற்கு முந்தைய ஆறு மாதத்தோடு ஒப்பிடும்போது பெரிய வித்தியாசம் தெரியாது. பல இடங்களில் எண்ணிப் பார்ப்பதே இல்லை.

இந்த இடைவெளி என்னை வெகுநாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. ஏன் எழுதுவதில்லை என்று கேட்டால் முதலில் வரும் பதில் ‘நேரமில்லை’. அதில் உண்மை இருக்கிறது. வார்டு வேலை என்னவென்று தெரிந்தவர் யாரும் அதை மறுக்க மாட்டார்கள். ஆனால் அதே கைகள்தான் இந்தப் படிவத்தைவிட நீளமான டிஸ்சார்ஜ் சம்மரியை நாள்தோறும் எழுதுகின்றன. நேரம் மட்டும்தான் தடை என்றால், வேலை குறைவான வார்டுகளிலிருந்தாவது பதிவுகள் குவிய வேண்டும். குவிவதில்லை. 12 நாடுகளில் நடந்த 37 ஆய்வுகளைத் தொகுத்து 2006ல் வெளியான ஒரு கட்டுரை, பதிவாகாமல் போகும் விளைவுகளின் இடைநிலை அளவை 94 சதவீதம் என்று கணக்கிட்டது. நூறில் ஆறுதான் வெளியே தெரிகிறது. ஒரு துறையோ ஒரு நாடோ சோம்பேறியாக இருப்பதால் வரக்கூடிய எண் இல்லை இது. படித்துப் பட்டம் பெற்ற ஆட்களின் மனதில் வேறேதோ ஒன்று குறுக்கே நிற்கிறது.

தெரியாததால் மட்டும் எழுதாமல் இல்லை

மருந்துகளின் பாதக விளைவுகளைப் பதிவு செய்ய பிரிட்டனில் 1964ல் தொடங்கிய மஞ்சள் அட்டைத் திட்டத்தோடு நெடுங்காலம் இணைந்திருந்த பில் இன்மன், மருத்துவர்கள் ஏன் எழுதுவதில்லை என்பதற்கான காரணங்களை அடுக்கினார். அறியாமை அதில் ஒன்றுதான். சந்தையில் இருக்கும் மருந்து பாதுகாப்பானதாகத்தான் இருக்கும் என்ற நிம்மதி, வழக்கு வந்துவிடுமோ என்ற பயம், தன் கையால் கொடுத்த மருந்து ஒருவரைப் படுக்கையில் தள்ளிவிட்டதே என்ற குற்ற உணர்வு, நாலைந்து கேஸ் சேர்ந்ததும் நாமே கட்டுரையாகப் போட்டுக்கொள்ளலாம் என்ற எண்ணம், வெறும் அசட்டை என்று அந்தப் பட்டியல் போகிறது. எல்லாவற்றையும்விட என் கண்ணில் நிற்பது இன்னொன்று: உறுதியாகத் தெரியாத ஒரு சந்தேகத்தை எழுதி அனுப்பக் கூச்சம். பயிலரங்கு அறியாமையைத் தீர்க்கிறது. மற்றவை அப்படியே இருக்கின்றன. பின்தேர்வில் பதினாறு வாங்கியவருக்கும் அந்தக் கூச்சம் குறைவதில்லை.

அந்தக் கூச்சத்தை வளர்த்துவிட்டதே நம் கல்விதான் என்று நினைக்கிறேன். ஐந்தாண்டு முழுக்க மாணவர் கற்றுக்கொள்வது ஒரே பாடம்: விடை ஒன்றுதான், அது தெரியாவிட்டால் வாயைத் திறக்காதே. ரவுண்ட்ஸில் ‘மருந்தாக இருக்குமோ’ என்று இழுப்பவரைப் பார்த்து சீனியர் கேட்கும் முதல் கேள்வி ‘ஆதாரம்?’ என்பது. நோயறிதலில் அந்தக் கேள்வி நியாயமானது. பாதக விளைவைப் பதிவு செய்வதில் அதற்கு வேலையே இல்லை. பார்த்தவர் தாமாகவே எழுதி அனுப்பும் இந்தத் தன்னிச்சைப் பதிவு முறை முழுவதும் சந்தேகத்தின் மேல் கட்டப்பட்டது. நிரூபிப்பது பதிவு செய்பவரின் பொறுப்பில் வராது. பாதக விளைவுகளைக் கண்காணிக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் திட்டம் 1968ல் 10 நாடுகளோடு தொடங்கியது. அதன் தரவுக் களஞ்சியத்தை 1978 முதல் ஸ்வீடனில் உள்ள உப்சாலா மையம் பராமரிக்கிறது. இன்று அங்கே 3 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை ‘இருக்கலாம்’ என்ற அளவில் நிற்பவைதான். ஒன்றோடொன்று சேரும்போது அவற்றுக்கு வலு வருகிறது.

தாலிடோமைடு கதையை எல்லாரும் ஸ்லைடில் காட்டுகிறார்கள். படத்தைக் காட்டிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுகிறார்கள். பாடம் எடுக்க வேண்டியது, 1961 டிசம்பரில் சிட்னியைச் சேர்ந்த மகப்பேறு மருத்துவர் மெக்பிரைடு ‘லான்செட்’ இதழுக்கு எழுதிய கடிதத்தின் வடிவத்தைப் பற்றி. சில வரிகள்தான். இந்த மருந்தை எடுத்த தாய்மார்களின் குழந்தைகளில் இத்தகைய குறைபாடுகளைக் கூடுதலாகப் பார்க்கிறேன் என்கிறார். வேறு யாராவது இப்படிப் பார்த்திருக்கிறீர்களா என்ற கேள்வியோடு முடித்துவிடுகிறார். கட்டுப்பாட்டுக் குழு இல்லை, புள்ளியியல் சோதனை இல்லை. முழுமையான ஆய்வு கைக்கு வரட்டும் என்று காத்திருந்தால் அந்தக் கடிதம் வந்திருக்காது. மாணவர் கையில் அந்தக் கடிதத்தைக் கொடுத்து, ‘இதில் நிரூபணம் எங்கே இருக்கிறது, தேடு’ என்று பத்து நிமிடம் விட்டால் போதும். இல்லாததைத் தேடும்போதுதான் பதிவு என்றால் என்னவென்று அவருக்குப் பிடிபடும்.

அமாக்ஸிசிலின் மேல் விழுந்த பழி

எந்தப் பயிற்சியிலும் நிதானமாக நிற்க வேண்டிய இடம் ஒன்று உண்டு என்றால், அது நோயாளியின் கட்டில் அருகே முடிவெடுக்கப்படும் அந்த ஒன்றிரண்டு நிமிடங்கள்தான். அதைப் பேச்சால் விளக்க முடியாது. ஒரு கேஸ் ஷீட்டை வைத்துத்தான் காட்ட முடியும். பயிற்சிக்காகக் கட்டமைத்த ஒன்றைச் சொல்கிறேன். 34 வயதுப் பெண். வலிப்புக்காக கார்பமசெபின் 200 மி.கி. காலை, இரவு தொடங்கப்பட்டது. 24ஆம் நாள் காய்ச்சல், தொண்டை வலி. 25ஆம் நாள் வெளியே ஒரு மருத்துவர் அமாக்ஸிசிலின் என்ற ஆன்டிபயாடிக்கை எழுதிக் கொடுக்கிறார். 26ஆம் நாள் உடம்பெல்லாம் சிவந்த தடிப்பு, முகம் வீங்குகிறது, கழுத்தில் நெறி கட்டுகிறது. அட்மிஷன். இயோசினோஃபில் என்ற வெள்ளணுக்கள் ஒரு மைக்ரோலிட்டருக்கு 2,400. கல்லீரல் நொதியான ஏ.எல்.டி. 412. இரண்டும் மிக அதிகம். கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதப்படுகிறது: ‘அமாக்ஸிசிலின் அலர்ஜி’.

இதைக் குழுக்களுக்குக் கொடுத்தால், பத்துக்கு எட்டுக் குழுக்கள் சிவப்பு மையை நம்பிவிடும் என்று எதிர்பார்த்தே கொடுக்க வேண்டும். கடைசியாகத் தொடங்கிய மருந்துதான் குற்றவாளி என்பது எல்லார் மனதிலும் ஊறிய கணக்கு. ஆனால் காய்ச்சல் வந்தது 24ஆம் நாள். அமாக்ஸிசிலின் வாயில் போனது 25ஆம் நாள். காய்ச்சலுக்காகக் கொடுத்த மருந்து அந்தக் காய்ச்சலுக்குக் காரணமாக முடியாது. காய்ச்சல், தடிப்பு, முக வீக்கம், நெறிக்கட்டு, இயோசினோஃபில், கல்லீரல் இவ்வளவும் ஒன்றாக வந்து, வலிப்பு மருந்து தொடங்கி இரண்டு முதல் எட்டு வாரத்துக்குள் இருந்தால், முதலில் நினைக்க வேண்டியது ‘ட்ரெஸ்’ எனப்படும், மருந்தால் வரும் கடுமையான ஒவ்வாமை நிலை. இங்கே பிழை வெறும் காகிதத்தோடு நிற்பதில்லை. சிவப்பு மை அமாக்ஸிசிலினைக் காட்டும் வரை கார்பமசெபின் சார்ட்டில் தொடர்ந்து ஓடும். பிறகு யாரோ கார்பமசெபினை நிறுத்தினாலும், காரணம் பதிவாகாததால் அடுத்த முறை ஃபெனிடோயினோ ஃபீனோபார்பிட்டாலோ என்ற வேறு வலிப்பு மருந்து எழுதப்படலாம். மூன்றும் ஒரே குடும்பத்து வேதியியல் அமைப்பு கொண்டவை. ஒன்றுக்கு இப்படி ஆனவருக்கு மற்றதுக்கும் ஆகக்கூடிய வாய்ப்பு மிக அதிகம். சரியாக எழுதிய ஒரு பதிவும், நோயாளி கையில் கொடுத்த ஒரு எச்சரிக்கை அட்டையும் அவரை அதிலிருந்து காப்பாற்றும்.

இப்போது மாணவர் மனதில் வரிசையாக வரும் சாக்குகளைக் கரும்பலகையில் அவர்களையே எழுதச் சொல்ல வேண்டும். ‘வைரஸாக இருக்கலாம்’. இருக்கலாம்தான், ட்ரெஸ் நிலையில் சில வைரஸ்கள் மறுபடி தலைதூக்குவதும் உண்டு, அதனால் வைரஸ் பரிசோதனை பாசிட்டிவ் வந்தாலும் மருந்தை விடுவித்துவிட முடியாது. ‘கார்பமசெபின் எழுதியது வேறு துறை’. பதிவு செய்ய மருந்தை எழுதியவராக இருக்க வேண்டியதில்லை. ‘இது எல்லாருக்கும் தெரிந்த விளைவு, புதிதாக என்ன இருக்கிறது?’ தெரிந்ததாக இருந்தாலும் உயிரை மிரட்டும் விளைவு எவ்வளவு அடிக்கடி வருகிறது, யாருக்கு வருகிறது என்பது பதிவுகளிலிருந்துதான் தெரிய வேண்டும். ‘எந்த மருந்து என்று உறுதியாகத் தெரியவில்லை’. இரண்டையும் சந்தேக மருந்தாக எழுது, தேதிகளை எழுது, உன் கணிப்பு எதன் பக்கம் சாய்கிறது என்று ஒரு வரி எழுது. பிரிப்பது, பதிவுகளைப் பெறும் மையத்தின் மதிப்பீட்டாளர் வேலை.

விளைவுக்கு மருந்துதான் காரணமா என்று மதிப்பெண் போட்டுப் பார்க்கும் நராஞ்சோ அளவுகோலை இங்கேதான் கையில் கொடுக்க வேண்டும், முன்கூட்டியே கொடுத்தால் அது சந்தேகத்தை மூடும் கதவாகிவிடும். 1981ல் வந்த இந்தப் பத்துக் கேள்விகளில் கார்பமசெபினுக்குப் போட்டுப் பார்ப்போம். முன்பே ஆவணப்படுத்தப்பட்ட விளைவு, 1. மருந்து கொடுத்த பிறகு வந்தது, 2. நிறுத்தியதும் குறைந்தது, 1. மறுபடி கொடுத்துப் பார்க்கவில்லை, 0. இந்த நிலையில் சோதனைக்காக மறுபடி கொடுக்கவே கூடாது என்பதையும் இந்த இடத்திலேயே அழுத்திச் சொல்லிவிட வேண்டும். வேறு காரணம் இருக்குமா என்ற கேள்விக்கு, வைரஸ் பரிசோதனை செய்யாமல் இருந்தால் 0. செய்து நெகட்டிவ் என்றால் 2. பிளாசிபோ (போலி மருந்து), ரத்தத்தில் மருந்தின் அளவு, டோஸ் கூட்டினால் கூடியதா, முன்பு இதே மருந்துக்கு இப்படி ஆனதா ஆகியவற்றுக்கு 0. ஆய்வக ஆதாரம் இருக்கிறது, 1. கூட்டினால் 5 அல்லது 7. 5 முதல் 8 வரை ‘அநேகமாக’ என்ற வகை. பரிசோதனை வராமலே எழுதியிருந்தாலும் அதே வகைதான் கிடைத்திருக்கும். முடிவுகள் வரட்டும் என்று காத்திருந்தவர் இந்தக் கூட்டலைத் தன் கையால் போட்டுப் பார்க்கும்போது, காத்திருப்பு எதையும் கூட்டித் தரவில்லை என்பது அவருக்கே தெரிந்துவிடும். எண் 3 வந்தாலும் அனுப்பலாம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். ‘மதிப்பெண் குறைவு, அதனால் அனுப்பவில்லை’ என்பது பயிற்சி பெற்றவர்களிடம் மட்டுமே பார்க்கக்கூடிய புதிய நோய்.

நாட்களை வரைந்த பிறகே படிவம்

ஒரு குழுவில் நான்கு பேருக்கு மேல் வேண்டாம். ஐந்தாவது ஆள் வேடிக்கை பார்ப்பார். கேஸ் ஷீட்டைச் சுருக்கிக் கதையாகக் கொடுக்காமல் மருந்து சார்ட், செவிலியர் குறிப்பு, ஆய்வக முடிவு என்று தனித்தனித் தாள்களாக, வார்டில் இருப்பது போலவே கொஞ்சம் கலைத்துக் கொடுக்க வேண்டும். படிவத்தை முதல் அரை மணி நேரம் கண்ணிலேயே காட்டக் கூடாது. வெற்றுத் தாளில் ஒரு கோடு போட்டு நாட்களைக் குறிக்கச் சொல்ல வேண்டும்: கோட்டுக்கு மேலே மருந்துகள் தொடங்கிய, நிறுத்திய நாள், கீழே அறிகுறிகளும் ஆய்வக எண்களும். அமாக்ஸிசிலின் கேஸில் பாதிக் குழுக்கள் இந்தக் கோட்டைப் போடும்போதே தம் முடிவை மாற்றிக்கொள்வார்கள். அதன்பின் ஒவ்வொருவரும் தனியாக மூன்று வாக்கியம் எழுத வேண்டும்: எந்த மருந்தால் என்ன ஆகியிருக்கலாம், எதனால் சந்தேகிக்கிறேன், எது எனக்கு இன்னும் தெரியவில்லை. மூன்றாவது வாக்கியத்தை எழுதப் பழகுவதுதான் இந்தப் பயிற்சியிலேயே கடினமான பகுதி. தெரியாததைத் தாளில் எழுதி ஒப்பம் வைப்பது அவர்கள் இதுவரை பழகாத ஒன்று.

பிறகு படிவம். செல்லுபடியாக நான்கே நான்கு போதும்: அடையாளம் காணக்கூடிய ஒரு நோயாளி (பெயர் வேண்டாம், முதலெழுத்தும் வயதும் பாலினமும் போதும்), தொடர்பு கொள்ளக்கூடிய ஒரு பதிவாளர் (படிவத்தை எழுதி அனுப்புபவர்), சந்தேகிக்கும் மருந்து, நேர்ந்த விளைவு. இது தெரிந்ததும் பலருக்கு மலைப்பு பாதி குறையும். ஆனால் நான்கோடு நின்றுவிட்ட பதிவு கதவைத் தட்டும், உள்ளே வராது. பிழைகள் எப்போதும் அதே இடங்களில்தான் வருகின்றன. விளைவு தொடங்கிய தேதிக்குப் பதில் அட்மிஷன் தேதி எழுதுவார்கள்; அதனால் இடைவெளி முழுக்கப் பொய்யாகிவிடும். மருந்து நிறுத்திய நாள் இருக்காது. உயிரியல் மருந்துக்கும் தடுப்பூசிக்கும் வணிகப் பெயரும் பேட்ச் எண்ணும் கட்டாயம். அவை விடுபட்டால் பிரச்சினை மருந்திலா, அந்த ஒரு தயாரிப்புத் தொகுதியிலா என்று பிரிக்கவே முடியாது, காலிக் குப்பி குப்பைக்குப் போவதற்குள் அந்த எண்ணை எழுதிக்கொள்ள வேண்டும். கூட எடுத்த மருந்துகள் என்ற கட்டம் காலியாக இருக்கும். நோயாளி கடையில் தானே வாங்கிய வலி மாத்திரை, மூலிகைப் பொடி, கருத்தடை மாத்திரை எதையும் ‘மருந்து’ என்று நினைத்துச் சொல்வதில்லை, ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். எதற்காக மருந்து கொடுக்கப்பட்டது என்பதும் விடுபடும். அது இல்லாமல் நோயின் அறிகுறி எது, மருந்தின் விளைவு எது என்று மதிப்பீட்டாளர் திணறுவார்.

தீவிரத்தைக் குறிக்கும் கட்டத்திலும் குழப்பம் வரும். அங்கே கேட்பது வலி எவ்வளவு கடுமை என்பதை இல்லை. மரணம், உயிராபத்து, மருத்துவமனையில் சேர்த்தல் அல்லது தங்கலை நீட்டித்தல், நிலைத்த ஊனம், பிறவிக் குறைபாடு, இவற்றைத் தடுக்கத் தலையிட வேண்டிவந்த பிற முக்கியமான நிகழ்வு ஆகிய இவற்றில் ஒன்று நடந்ததா என்பதே கேள்வி. தாங்க முடியாத தலைவலி இரண்டு மணி நேரத்தில் போய்விட்டால் அது இதில் சேராது. சாதாரணத் தடிப்புக்காக ஓர் இரவு அட்மிட் செய்தால் சேரும்.

விவரிப்புப் பகுதியில் நான் பார்க்க விரும்புவது ‘கார்பமசெபின், ராஷ், நிறுத்தப்பட்டது’ என்ற மூன்று சொல் தந்தியை இல்லை. ‘கார்பமசெபின் 200 மி.கி. இருவேளை, முதல் முறை. 24ஆம் நாள் 39.2 டிகிரி காய்ச்சல், 25ல் அமாக்ஸிசிலின் மூன்று டோஸ், 26ல் தடிப்பு, முக வீக்கம், கழுத்தில் நெறி, ஏ.எல்.டி. 412, மருந்துக்கு முன் 22. 27ல் இரண்டு மருந்தும் நிறுத்தம், ப்ரெட்னிசலோன் தொடக்கம். 34ல் காய்ச்சல் இல்லை, ஏ.எல்.டி. 160, வைரஸ் பரிசோதனை செய்யப்படவில்லை’. எழுத ஐந்து நிமிடம். ‘மருந்துக்கு முன் 22’ என்ற அந்த ஒரு எண் இல்லாவிட்டால், கல்லீரல் முன்பே கெட்டிருந்ததோ என்ற கேள்வி எப்போதும் தொங்கிக்கொண்டிருக்கும்.

கடைசிக் கால் மணி நேரத்தில் படிவங்களை வேறு கேஸ் செய்த குழுவிடம் மாற்றிக் கொடுக்க வேண்டும். கேஸ் ஷீட் கிடையாது. படிவத்தை மட்டும் வைத்து அவர்கள் அந்த நாட்கோட்டை மறுபடி வரைய வேண்டும். எங்கே கோடு அறுந்துபோகிறதோ அதுதான் எழுதியவர் விட்டது. பயிற்றுநர் சொல்லி வராத உறைப்பு, சக மாணவர் ‘இது எந்தத் தேதி?’ என்று கேட்கும்போது வந்துவிடும்.

வார்டில் எங்கே தேடுவது

எழுதத் தெரிந்தவருக்கும் கண்ணில் பட்டால்தானே எழுத முடியும். ‘விழிப்பாக இருங்கள்’ என்று சொல்லி அனுப்புவதில் பயனில்லை. எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். இன்னொரு மருந்தின் விளைவை முறிக்க மருந்து சார்ட்டில் திடீரென்று வந்து நிற்கும் மருந்துகளே நல்ல வழிகாட்டி. நலோக்ஸோன் எழுதப்பட்டிருந்தால் யாரோ மார்ஃபின் போன்ற ஓபியாய்டில் மூழ்கியிருக்கிறார். வைட்டமின் கே என்றால் ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எல்லை மீறியிருக்கலாம். 50 சதவீத குளுக்கோஸ் என்றால் சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிய இன்சுலின் அல்லது சல்ஃபோனைல்யூரியா மாத்திரை. ஹைட்ரோகார்ட்டிசோனும் ஆன்டிஹிஸ்டமினும் ஒரே நேரத்தில், பக்கத்தில் ஒரு ஆன்டிபயாடிக் மேல் குறுக்குக் கோடு. இந்தக் குறுக்குக் கோடுகள் ஒவ்வொன்றும் ஒரு கேள்வி: ஏன் நிறுத்தினார்கள்? ஒரு வார்டில் அரை மணி நேரம் சார்ட்டுகளைப் புரட்டினால் மாணவர் வெறுங்கையோடு திரும்புவது அரிது.

இதைவிட நுட்பமானது, விளைவை நோயாக நினைத்து அதற்கு இன்னொரு மருந்து எழுதுவது. ரத்த அழுத்த மருந்தான அம்லோடிபினால் கால் வீங்க, அதற்கு நீர் பிரிக்கும் ஃப்ரூசமைடு. வாந்திக்கான மெட்டோக்ளோபிரமைடால் கை நடுங்க, அதற்கு பார்கின்சன் மருந்து. ரத்த அழுத்தத்துக்கான ஏ.சி.இ. தடுப்பியால் வறட்டு இருமல், அதற்கு மாதக்கணக்கில் இருமல் சிரப். இங்கே யாரும் எதையும் நிறுத்தவில்லை, அதனால் குறுக்குக் கோடும் இருக்காது. நீளமான மருந்துப் பட்டியல் உள்ள முதியவர்களின் சீட்டை எடுத்து, ஒவ்வொரு மருந்தும் எந்த மருந்துக்குப் பின் வந்தது என்று அம்புக்குறி போடச் சொன்னால் இது வெளிப்படும்.

கால இடைவெளிகளையும் மனப்பாடமாக இல்லாமல் கேஸ்களாகவே கலந்து கொடுக்க வேண்டும். நேற்றுத் தொடங்கியதை மட்டும் பார்க்கும் கண்ணைக் கொஞ்சம் பின்னோக்கித் திருப்ப வேறு வழியில்லை. தோல் கொப்புளித்து உரியும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய்க்குறி பெரும்பாலும் 4 முதல் 28 நாட்களுக்குள். ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரினால் தட்டணுக்கள் சரிவது வழக்கமாக 5 முதல் 10 நாட்களுக்குள். அமாக்ஸிசிலின்-கிளாவுலானேட்டால் வரும் மஞ்சள் காமாலை, கோர்ஸ் முடிந்து சில வாரம் கழித்தும் வரலாம். அப்போது சார்ட்டில் அந்த மருந்தே இருக்காது. ஏ.சி.இ. தடுப்பியால் உதடும் நாக்கும் வீங்குவது ஆண்டுக்கணக்கில் எந்தத் தொல்லையும் இல்லாமல் எடுத்தவருக்கும் வரும். ‘மூன்று வருஷமாக எடுக்கிறாரே’ என்று அந்த மருந்தை விடுவிப்பது, அடுத்த முறை மூச்சுக்குழாய் அடைக்கும் வரை காத்திருப்பதற்குச் சமம்.

செவிலியரும் மருந்தாளுநரும்

மஞ்சள் அட்டை முதலில் மருத்துவர்களுக்கும் பல்மருத்துவர்களுக்கும் மட்டுமே இருந்தது. மருத்துவமனை மருந்தாளுநர்களுக்கு 1997லும், செவிலியர்களுக்கு 2002லும்தான் திறந்துவிடப்பட்டது. நோயாளி பக்கத்தில் அதிக நேரம் இருப்பவருக்குக் கதவு திறக்க 38 ஆண்டுகள். இன்று பல நாடுகளில் விதி எல்லாரையும் அனுமதிக்கிறது. வார்டு வழக்கம்தான் அனுமதிப்பதில்லை. செவிலியர் எழுதிய படிவத்தில் மருத்துவர் ஒப்பம் போட்ட பிறகே போக வேண்டும் என்ற எழுதாத சட்டம் பல இடங்களில் ஓடுகிறது. அந்த மேசையிலேயே பாதி படிவங்கள் உறங்கிவிடும். பயிற்சி ஏற்பாடு செய்யும் முன்பே நிர்வாகம் ஒரு வரிச் சுற்றறிக்கை விட வேண்டும்: யார் பார்த்தாரோ அவரே நேராக அனுப்பலாம், யார் ஒப்பமும் தேவையில்லை. இது இல்லாமல் செவிலியர்களுக்குப் பயிற்சி நடத்துவது அவர்களுடைய நேரத்தை வீணாக்குவது.

பயத்தைப் பற்றி மழுப்பாமல் பேச வேண்டும். மருந்தே தவறான டோஸில் போயிருந்தால்? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012ல் நடைமுறைக்கு வந்த விதிகள் மருந்துப் பிழையால் நேர்ந்த விளைவுகளையும் பதிவுக்குள் கொண்டுவந்தன. பாதுகாப்புக் கண்காணிப்பு மையத்துக்குத் தேவை மருந்து என்ன செய்தது என்பது. யார் செய்தது என்பது இல்லை. ஆனால் அதே வார்டில் அந்தப் படிவத்தின் நகலை வைத்து விளக்கம் கேட்டு மெமோ கொடுத்துவிட்டால், எந்தப் பயிற்றுநர் என்ன சொன்னாலும் யாரும் நம்பமாட்டார்கள். ஒழுங்கு நடவடிக்கைக் கோப்பும் பாதக விளைவுக் கோப்பும் ஒரே அலமாரியில் இருக்கக் கூடாது.

ஓராண்டுக்குப் பிறகு

வடக்கு போர்ச்சுகலில் நடந்து, 2006ல் ‘ஜாமா’ இதழில் வெளியான ஆய்வு ஒன்றை இந்தத் துறையில் இருப்பவர்கள் அறிவார்கள். மருத்துவர்கள் வேலை பார்க்கும் இடத்துக்கே போய், பதிவு செய்யாமைக்குக் காரணமான மனப்போக்குகளையே குறிவைத்து நடத்திய பயிற்சி அது. பதிவுகள் ஏறக்குறைய பத்து மடங்கு கூடின. முதல் நான்கு மாதங்களில் உச்சம். பிறகு பலன் குறைந்தது. எனக்கு இதில் இரண்டு செய்தி. கூச்சத்தையும் பயத்தையும் நேராகத் தொட்டால் படிவம் வரும். ஒரு முறை தொட்டுவிட்டு விட்டால் அந்த உச்சம் நிற்காது. ஆகவே ஆண்டுக்கொரு முழுநாள் பயிலரங்குக்குப் பதில், நான்கு மாதத்துக்கொரு முறை அரை மணி நேரம் அந்தந்த வார்டிலேயே, அந்த வார்டின் சொந்தக் கேஸை வைத்துப் பேசுவது மேல்.

மாணவர்களுக்கு உண்மையான பதிவுகளைக் கொடுக்கலாமா என்று தயங்குகிறவர்களுக்கு நெதர்லாந்து நல்ல விடை. தேசிய மையத்துக்கு வந்த பதிவுகளை மருத்துவ மாணவர்களே மேற்பார்வையில் மதிப்பிடும் திட்டம் அங்கே நடந்திருக்கிறது. கற்பனைக் கேஸில் பிழை விட்டால் மதிப்பெண் குறையும். உண்மைப் பதிவில் தேதி விடுபட்டிருந்தால் மாணவரே ‘ஐயோ, இதை எழுதியிருந்தால்’ என்று தவிப்பார். அந்தத் தவிப்பு தான் எழுதும்போது கூடவே வரும்.

பதிவு செய்தவருக்குப் பதில் வராமல் போவதும் பழக்கத்தைக் கொன்றுவிடும். ‘கிடைத்தது, நன்றி’ என்ற தானியங்கி மின்னஞ்சல் போதாது. இந்த மருந்துக்கு இதே விளைவு முன்பு எவ்வளவு பதிவாகியிருக்கிறது, உங்கள் பதிவில் எது உதவியது, எது விடுபட்டது என்று நான்கு வரி, மூன்று வாரத்துக்குள். மதிப்பீட்டில் ‘வாய்ப்பில்லை’ என்று முடிந்த பதிவுக்கும் இதே மரியாதையோடு பதில் போக வேண்டும். அதைத் தவறான விடையாகத் திருத்தி அனுப்பினால் பழைய தேர்வறை மறுபடி வந்துவிடும்.

பயிற்சியின் பலனை அளக்கப் பின்தேர்வை நம்ப வேண்டாம். ஆறாவது மாதமும் பன்னிரண்டாவது மாதமும் வார்டுவாரியாகப் பதிவுகளை எண்ணுங்கள். எத்தனை தீவிரமானவை, எத்தனை மருந்தோடு வரும் விவரக் குறிப்பில் இல்லாத விளைவுகள், எத்தனையில் தொடங்கிய தேதி, நிறுத்திய தேதி, பேட்ச் எண், முடிவு நான்கும் இருக்கின்றன என்று பாருங்கள். ஒரே தெரிந்த விளைவு, அதுவும் லேசானது, ஒரே கையெழுத்தில் முப்பது படிவங்களாக வந்தால் அது இலக்கை நிரப்பும் வேலை. அப்படி ஆகாமல் இருக்க, மாதம் இத்தனை என்று எண்ணிக்கை இலக்கு வைக்காமல் இருப்பதே நல்லது.

ஒரு சின்ன ஏற்பாடு மீதமிருக்கிறது, பெரும்பாலும் யாரும் யோசிப்பதில்லை. பயிற்சி மருத்துவரும் மாணவரும் சில வாரங்களில் அடுத்த துறைக்குப் போய்விடுவார்கள். ஏ.எல்.டி. எப்போது இயல்புக்கு வந்தது, நோயாளிக்கு வேறு எந்த வலிப்பு மருந்து தொடங்கினார்கள் என்று கேட்டு மையம் தொடர்பு கொள்ளும்போது, படிவத்தில் இருக்கும் எண்ணை எடுப்பவருக்கு அந்த நோயாளி யாரென்றே தெரியாது. எனவே பதிவாளர் என்ற இடத்தில் அவர் பெயரோடு கூடவே, மாறாத ஒரு துறை மின்னஞ்சலும், வார்டில் நிலையாக இருக்கும் ஒரு செவிலியரின் தொடர்பும், மருத்துவமனைப் பதிவேட்டில் அந்த கேஸ் ஷீட்டைத் தேடி எடுக்க உதவும் உள்ளக எண்ணும் இருக்க வேண்டும். படிவத்தின் நகல் ஒன்று கேஸ் ஷீட்டிலேயே செருகப்பட்டிருந்தால், தொடர் விவரம் கேட்டு வரும் அழைப்புக்கு யார் பணியில் இருந்தாலும் பத்து நிமிடத்தில் பதில் சொல்லிவிடலாம்.